பூட்டி வைத்த ஈரம்

"அந்தப் பொம்பளைய அனுப்பிடுங்க அம்மா," என்றார் ஏகாம்பரம்.

அம்மையார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரை?"

"பச்சையம்மாளைத்தான். பிணவறைக்காரியை."

செய்யாற்றுக் கரையோரம் ஒரு வாடகை வீடு. அதைத்தான் சுற்றுப்பட்டில் எல்லோரும் மடம் என்றார்கள். அம்மையாருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. மூத்த சீடர் ஏகாம்பரத்துக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்ற விஷயங்களில் சொல்லலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலையை யாரும் கேட்காமலே எடுத்துச் செய்துகொண்டிருந்தார். யார் எந்தக் குடத்தைத் தொடலாம், யார் எந்தப் பக்கம் உட்காரலாம், எல்லாம் அவர் வைத்த சட்டம்தான். குடங்களுக்கு மட்டும் வாய் இருந்தால் அழுதிருக்கும்.

பச்சையம்மாள் ஊர் ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் எல்லாம், என்ன வேலை என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். அம்மையார் மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்டார். அன்றிலிருந்து மடத்தின் பின்கட்டு அறையில் இருக்கிறாள். இங்கிருந்து போகச் சொன்னால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"என்ன பண்ணினா?" என்றார் அம்மையார்.

"துணி நாறுது அம்மா. எல்லார் துணியும் நாறுது. துவைச்சு எடுக்கும்போதே குடலைப் புரட்டுது. நேத்து பூஜையில உங்க பக்கத்துல நின்ன அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நான் பார்த்தேன். எனக்கு உயிரே போயிடுச்சு."

"நானும் பார்த்தேன்."

"அவ வர்றதுக்கு முன்னாடி இந்த நாத்தம் உண்டா?"

"இல்ல."

"வந்த பிறகு?"

"இருக்கு."

"அவ்வளவுதான் அம்மா. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்? வந்த அன்னிக்கே பிணவறைப் புடவையைக் கொண்டாந்து நம்ம வாஷிங் மெஷின்ல போட்டுட்டா. தெரியாமத்தான் போட்டா, இல்லேங்கல. ஆனா தீட்டு ஒட்டிக்கிச்சு. இனிமே ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அம்மையார் ஒரு காம்பை உருவி இலையைத் தட்டில் போட்டார்.

"சரி," என்றார். "அவளைப் போகச் சொல்லிடலாம்."

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மையார் மறுப்பார், தான் வாதாட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாய்ப் போயிற்று.

"நீங்களே சொல்லிடுங்க," என்றார் அம்மையார். "சாயங்காலம் வேலை முடிஞ்சு வருவா. வாசல்ல நின்னு, உள்ள வராதே, போன்னு சொல்லிடுங்க."

"நானா அம்மா?"

"கண்டுபிடிச்சது நீங்கதானே."

ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏகாம்பரம்."

"அம்மா."

"சாயங்காலம் வரைக்கும் சும்மா இருக்க வேணாம். மெஷினைச் சுத்தம் பண்ணி வையுங்க."

ஏகாம்பரம் சிரித்தார். இந்த மடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். அம்மையார் ஒன்றைச் சொன்னால் அது வேறு ஒன்றாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

"புரிஞ்சுது அம்மா. துவைக்கிறதையும் துவைக்கணும். அழுக்கைப் பார்க்கிற மனசைத்தான் முதல்ல கழுவணும். அதைத்தானே சொல்றீங்க?"

"இல்ல. மெஷினைச் சொன்னேன்."

"அது சரி அம்மா. உள்ளே இருக்கிற அர்த்தம்..."

"உள்ளே அர்த்தம் ஒண்ணும் இருக்காது. அழுக்குதான் இருக்கும். முன்பக்கம், கீழே, வலது மூலையில ஒரு மூடி இருக்கு. அதைத் திறங்க. போகும்போது வாளி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

*

மெஷின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்தது. அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவி ஏகாம்பரத்தின் அரைஞாணில் தொங்கியது.

ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவர் மடத்துக்குத் தந்த மெஷின் அது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. ஆயுத பூஜை தவறாமல் ஏகாம்பரம் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கற்பூரம் காட்டுவார். துடைத்தால் பாவம் என்று பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பார்.

வாளியை அவர் எடுத்து வரவில்லை. மூடியைத் திறப்பதற்கு வாளி எதற்கு?

வலது மூலையில் குனிந்து தேடினார். மூடி எதுவும் இல்லை. சந்தனம்தான் அப்பம் போலக் காய்ந்து கிடந்தது.

அம்மையாரும் தப்பாகச் சொல்வார் போல, என்று அவருக்குள் சின்னதாய் ஒரு சந்தோஷம். சந்தேகத்துக்கு நகத்தால் சுரண்டினார். சந்தனம் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு கோடு தெரிந்தது. இன்னும் சுரண்டினார். கோடு சதுரமாயிற்று.

மூடி இருந்தது. இத்தனை வருஷமாக அதன் மேல்தான் பொட்டு வைத்திருந்தார்.

மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே அழுக்கு வடிகட்டியின் திருகு ஒன்று. அதைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார்.

கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று பாய்ந்து அவர் மடியில் விழுந்தது.

ஏகாம்பரம் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மடி வேட்டி முழுவதும் சாக்கடைத் தண்ணீர். முகத்தில் தெறித்தது, வாயிலும் கொஞ்சம் போனது. அந்த நாற்றம் அவருக்குத் தெரிந்த நாற்றம்தான். துணிகளில் மெலிசாய் வந்தது இங்கே மொத்தமாய்க் குடியிருந்தது.

அவர் ஆயுசில் இவ்வளவு அருவருப்புப் பட்டதில்லை.

தண்ணீர் நின்றதும் மூச்சை அடக்கிக்கொண்டு திருகை முழுக்கக் கழற்றி இழுத்தார். கூடவே ஒரு சட்டைப் பொத்தானும், துருப்பிடித்த ஊக்கு ஒன்றும் வந்தன. அவற்றைச் சுற்றி, உருண்டு திரண்டு, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சேறு.

சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சில்லிட்டது. பிணவறையிலிருந்து இவள் எதைக் கொண்டு வந்து கரைத்தாளோ?

பயம் ஒரு பக்கம். ஆனால் அதையும் மீறி, கையும் களவுமாய்ப் பிடித்த நிம்மதி. ஒரு தட்டில் அந்தச் சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட உள்ளே நடந்தார்.

*

"பாருங்க அம்மா," என்றார். "உங்க கண்ணாலேயே பாருங்க. அவ கொண்டாந்தது."

அம்மையார் தட்டை வாங்கினார். ஒரு விரலால் சேற்றைத் தொட்டார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

பிறகு மூன்று விரலாலும் அள்ளி, தன் நெற்றியில் பட்டையாய்ப் பூசிக்கொண்டார்.

ஏகாம்பரம் பேயறைந்தவர் போல நின்றார்.

"ஏன் பதறுறீங்க?" என்றார் அம்மையார். "விபூதிதானே. நான் குடுத்தது."

"விபூதியா?"

"தினம் காலையில உங்க கையில ஒரு பொட்டலம் குடுக்கிறேன். பூசிக்கிறதுக்குப் போக மிச்சத்தை எங்க போடுறீங்க?"

ஏகாம்பரம் தட்டையே பார்த்தார்.

"ஏகாம்பரம்."

"மெஷின்ல அம்மா. துணி போடுறதுக்கு முன்னாடி. தீட்டுக் கழியட்டும்னு."

"இதுல மஞ்சளும் இருக்கு."

"மஞ்சளும் போடுவேன்."

"சோப்புத்தூள்?"

"சொன்ன அளவைவிடக் கூடப் போடுவேன். தீட்டு லேசுல போகாதேன்னு."

அம்மையார் தட்டை அவரிடமே நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். பார்க்கப் பார்க்க, அந்தச் சேற்றில் தன் கை மணம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. சந்தனமும் விபூதியும் மஞ்சளும் சோப்பும் கலந்து அழுகிய மணம். அதில் பச்சையம்மாளுடையது ஒன்றுமே இல்லை.

"அவ துணி எத்தனை தடவை இதுல விழுந்துச்சு?" என்றார் அம்மையார்.

"வந்த அன்னிக்கு ஒரே தடவை. மறுநாளே பூட்டிட்டேன்."

"அப்புறம் அவ எங்க துவைக்கிறா?"

"தெரியாது அம்மா."

"ஆஸ்பத்திரிக் குழாயடியில துவைச்சு, அங்கேயே காயப் போட்டு, மடிச்சு எடுத்துட்டு வர்றா. சரி, போங்க. வேலை இன்னும் முடியல. கதவைச் சுத்தி ரப்பர் இருக்கு பாருங்க, அதோட மடிப்பை விரிச்சுத் துடைங்க."

*

ரப்பர் மடிப்பை விரித்தார்.

உள்ளே சுற்றிலும் கறுப்புப் பூஞ்சை. தொட்டால் வழுக்கியது. மடிப்பின் அடியில் கறுத்த தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பார்க்க ஏதோ பிராணியின் ஈறு போல இருந்தது. அதன் வழியாகத்தான் மடத்துத் துணி அத்தனையும் போய் வந்தது, அம்மையாரின் காவிப் புடவை உட்பட.

துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்தார். கறுப்பு வந்தது. மறுபடி துடைத்தார். மறுபடியும் வந்தது. சோப்புத்தூள் போடும் தட்டை உருவினார், அதன் முதுகிலும் அதே வழுவழுப்பு. பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தார். மூடிக்குள் கையை விட்டுச் சேற்றை முழுக்க வழித்தார். டிரம் கழுவும் பொடியைக் கடையில் வாங்கிவரச் செய்து, துணி எதுவும் போடாமல் சுடுதண்ணீரில் மெஷினை ஓட விட்டார்.

வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் பழுப்பாய்ச் சுழன்றது. போகப் போகத் தெளிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஷின் நின்றது. திறந்து முகர்ந்தார். நாற்றம் போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. இவ்வளவு அழுக்கு இருந்தாலும், இதற்கெல்லாம் ஆரம்பம் அவள் போட்ட அந்த ஒரு புடவைதானே, என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்லும்போது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

கண்ணாடிக் கதவை டப்பென்று சாத்தினார். கொட்டகையையும் சாத்திப் பூட்டைக் கையில் எடுத்தார்.

அம்மையார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் அந்தச் சேற்றுப் பட்டை காய்ந்து வெடித்திருந்தது. கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

"இதைத் திறங்க," என்றார்.

ஏகாம்பரம் திறந்தார். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

அதே நாற்றம்.

"இதுல என்ன வெச்சிருந்தீங்க அம்மா?"

"ஒண்ணும் வைக்கல."

"அப்புறம் எப்படி?"

"நல்லா தேய்ச்சுக் கழுவி, ஈரத்தோட மூடி வெச்சிட்டேன். ரொம்ப நாளா பரண்ல கிடந்துச்சு."

ஏகாம்பரம் டிபன் பாக்ஸைப் பார்த்தார். சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. பளபளவென்று இருந்தது.

"மெஷின் கதவை இப்படித்தான் தினமும் சாத்துவீங்களா?" என்றார் அம்மையார்.

"ஆமா. துணியை எடுத்ததும் சாத்திடுவேன். கொட்டகையையும் சேர்த்துப் பூட்டிடுவேன்."

"எப்ப இருந்து?"

"அவ வந்த..."

கையிலிருந்த பூட்டைப் பார்த்தார்.

"முன்னாடி எல்லாம்?"

"திறந்தே கிடக்கும்," என்றார் ஏகாம்பரம். குரல் அவருக்கே கேட்கவில்லை. "காத்தாட... திறந்தே கிடக்கும் அம்மா."

"நீங்க சொன்னது சரிதான்," என்றார் அம்மையார். "அவ வர்றதுக்கு முன்னாடி நாத்தம் இல்ல."

ஏகாம்பரத்தின் கையிலிருந்து பூட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அத்தனை பேர் துணியையும் நாற அடித்தது தன் கை. அம்மையாரின் பக்கத்தில் நின்ற பெண்ணை மூக்கைப் பொத்த வைத்தது தன் கை. அந்தக் கையை ஒரு பெண்ணை நோக்கி நீட்டி, இவளைத் துரத்துங்கள் என்று காலையில் வந்து நின்றிருக்கிறார்.

"நான் போயிடறேன் அம்மா. நான் இங்க இருக்கக் கூடாது."

"அது உங்க இஷ்டம். ஆனா சாயங்காலம் வாசல்ல நிக்கணும்னு சொன்னேன். அதுல மாத்தம் இல்ல."

"அவகிட்ட என்னன்னு சொல்வேன்?"

அம்மையார் டிபன் பாக்ஸைத் திறந்தபடி வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

வெயில் சாயும்போது ஏகாம்பரம் வாசலில் நின்றார்.

மாற்று வேட்டி இல்லை. இருந்ததை எல்லாம், நாற்றம் போகட்டும் என்று, அவரே மறுபடி நனைத்துப் போட்டிருந்தார். இடுப்பில் இருந்ததைக் கிணற்றடியில் அலசிப் பிழிந்து அப்படியே கட்டியிருந்தார். மேலே துண்டும் இல்லை. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, காலடி மண் நனைந்திருந்தது.

தெருமுனையில் பச்சையம்மாள் வருவது தெரிந்தது. தோளில் பை, கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். ஒடிசலான உடம்பு, வேக நடை.

வழக்கமாக வாசல் பக்கம் திரும்பாமல் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அதுவும் ஏகாம்பரம் வைத்த சட்டம்தான். இன்று அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"சாமி," என்றாள். "யாரு?"

ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை.

"ஈரத்துணியோட வாசல்ல நிக்கிறீங்களே. யாரு சாமி? அம்மாவா?"

அவள் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல," என்றார் அவசரமாக. "அம்மா நல்லா இருக்காங்க. உள்ளதான் இருக்காங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்ப உங்க வீட்டுலயா சாமி? யாரு தவறிட்டாங்க?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். காலையில் சொல்ல வைத்திருந்தது இப்போது சொல்லக் கூடாதது. இப்போது சொல்ல வேண்டியதோ தொண்டையைத் தாண்டவில்லை. அவர் அழுதுகொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை.

பச்சையம்மாளுக்கு இது புதுசு இல்லை. பிணவறை வாசலில் இப்படி நிற்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறாள். பையைக் கீழே வைத்தாள். சட்டென்று வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"பேச வேணாம் சாமி. முதல்ல உக்காருங்க. பேச்சு வராது. யாருக்கும் வராது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வரும்."

படியில் உட்கார வைத்தாள். உட்கார வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். தணலைத் தொட்டவள் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"தொட்டுட்டேன் சாமி. மன்னிச்சுக்குங்க. பதட்டத்துல தெரியல. நீங்க தலை முழுகிடுங்க."

கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தபோதுகூட ஏகாம்பரம் இப்படி அதிரவில்லை. அவளையே பார்த்தார். இந்தப் பயத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

அவள் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். கொடுக்க வந்தவள், யோசித்து, படிக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"தண்ணி சாமி. நான் வாய் வைக்கல. புதுசாப் புடிச்சது. மனசு ஒப்பினா எடுத்துக் குடிங்க."

உள்ளேயிருந்து அம்மையாரின் குரல் வந்தது.

"ஏகாம்பரம், பச்சையம்மா வந்துட்டாளா? சொல்லியாச்சா?"

பச்சையம்மாள் கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "என்ன சாமி சொல்லணும்?" என்றாள் மெதுவாக.

ஏகாம்பரம் பாட்டிலை எடுக்கவில்லை. படியிலிருந்து இறங்கி, அவள் காலடியில், மண்ணில் குந்தினார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து அவள் முன்னால் ஏந்தினார்.

"ஊத்துங்கம்மா," என்றார்.